வளைவின் நாலு மூலை

லெயார்கோ முப்பது வருஷம் பொலோஞ்ஞாவில் பேருந்து ஓட்டியவன். ஊரையே வாயால் அதட்டி ஓரங்கட்டியவன். ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து மனசில் உள்ளதைச் சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சதுக்கத்து மாளிகையின் வளைவுக்கு அடியில் போய், ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் போதும். எத்தனை கூட்டம் இரைந்தாலும், மேல்கூரை வழியே போய், நாலு மூலையில் அதற்குக் குறுக்காக எதிரே உள்ள மூலையில் நிற்பவர் காதில் அது தெளிவாக விழும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தான் ஆசைப்பட்ட இரிதேயை அந்த எதிர் மூலையில் நிறுத்திவிட்டுத் தன் மூலைக்கு ஓடினான். அவள் பக்கத்து ஊரான மோதெனாக்காரி, அந்த ஊர்ச் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருப்பவள். சுவரில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"என் வீட்டுக்கு வந்துடேன். ஒண்ணா இருந்துடலாம்."

சுவர் உடனே பதில் சொன்னது. "முடியாது. அந்த வீட்டுல இனிமே என்னால காலம் தள்ள முடியாது. ஆளை விடு!"

லெயார்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனிமேலா? அவள் அந்த வீட்டுக்குள் காலே வைத்ததில்லையே! அவமானம் பிடுங்கித் தின்ன, திரும்பிக்கூடப் பார்க்காமல் சதுக்கத்துக்குப் போய், கோயில் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். எதிரே நெப்டியூன் சிலை. அவன் முதுகுக்குப் பின்னால் பாதிவரை பளிங்கும், அதற்கு மேல் வெறும் செங்கல்லுமாக சான் பெத்ரோனியோ கோயில். எதைப் பார்த்தாலும் ஒன்றும் புரியவில்லை.

இரிதே விடுவிடுவென்று வந்தாள். "ஏன்யா, தண்டனை குடுத்த பிள்ளை மாதிரி என்னைச் சுவத்தைப் பாத்து நிக்க வெச்சுட்டு, நீ இங்க வந்து வெயில் காயறியா? ஒரு வார்த்தைகூடக் கேக்கலை!"

"கேக்காமதான் முடியாதுன்னு சொன்னியா?"

"நான் எப்பய்யா சொன்னேன்? யார்கிட்ட?"

இருவரும் ஒருவரையொருவர் முழித்துக்கொண்டு பார்த்தார்கள். இவளுக்குப் பைத்தியமா, தனக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எந்த மூலையில நின்னே?"

"நீ விட்ட மூலைக்கு ஒரு பொண்ணு போனைக் காதுல வெச்சுக்கிட்டு அழுதுட்டே வந்தா. பாவமேன்னு இடம் விட்டுட்டு, பக்கத்து மூலைக்குப் போனேன். எல்லாம் மூலைதானே?"

"எல்லாம் மூலைதானா! கடவுளே! குறுக்கே நின்னாத்தான்டி கேக்கும்! அப்போ என் காதுல விழுந்தது அந்தப் பொண்ணு போன்ல பேசினது! பொலோஞ்ஞால பால்குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். அந்தக் காலத்துச் சண்டையில எங்க ஊர்க் கிணத்து வாளியைத் திருடிட்டுப் போன மோதெனாக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுநூறு வருஷம் ஆச்சு, இன்னும் வாளிக்கு அழறீங்க. கோயில் முகப்பையே கட்டி முடிக்கத் துப்பில்லாத ஊர்க்காரனுக்கு வாய் வேறயா?" என்று அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, என்னதான் கேட்டே?"

அவனுக்கு வியர்த்தது. ஆனால் 'முடியாது' என்பதை ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. இனி என்ன குடிமுழுகப் போகிறது? அவள் முகத்தையே பார்த்துச் சொல்லிவிட்டான்.

"மாட்டேன்" என்றாள் இரிதே.

"மறுபடியுமா!"

"உன் வீட்டுக்கு வரமாட்டேன்னுதான் சொன்னேன். உன்னோட இருக்க மாட்டேன்னு சொன்னேனா? என் கடை மோதெனால இருக்கு. நான் எங்க இருக்க ஆசைப்படறேன்னு ஒரு தடவையாவது கேட்டியா? நீ வா."

மோதெனாவுக்கா! ராணுவத்தில் இருந்த ஒரு வருஷம் தவிர அவன் இந்தச் சதுக்கத்தைப் பார்க்காமல் ஒரு காலைக் காப்பிகூடக் குடித்ததில்லை. சதுக்கத்து மணிக்கூண்டைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான், பாதியில் நிற்கிற கோயிலை அண்ணாந்து பார்த்தான். இரிதே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கைப்பையை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாளே தவிர, ஓர் அடிகூட நகரவில்லை.

"நமக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்றான்.