உமாராணி திரும்பத் திறந்த பக்கம்

உமாராணி முகநூலை விட்டு விலகியது நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் நாள். அவள் கன்னத்திலும் கழுத்திலும் சின்ன வயதிலிருந்தே வெண்திட்டுகள் உண்டு. சொந்த ஊரான ஆத்தூரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. கல்யாண போட்டோவைப் போட்டதும் முன்பின் தெரியாத ஒருவன், "மாப்பிள்ளைக்குக் கண் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று எழுதினான். அதற்கு அறுபது பேர் சிரித்திருந்தார்கள். அதில் இருவர் அவளோடு கல்லூரியில் படித்தவர்கள்.

அன்றைக்கே கணக்கை முடக்கிவிட்டாள். அவள் கணவன் செந்தில்வேல் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "விடுளா, அவனுவ கெடக்கானுவ" என்றான். அதற்குப் பிறகு போட்டோ என்றாலே, "நான் எடுக்கேன், நீங்க நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்வாள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போனது. ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீட்டில் அவளுடைய அப்பா ஆறுமுகநயினாரும் அம்மா சங்கரம்மாளும் இருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் பேசியதுதான். பிறகு போன் போகவில்லை. திங்கட்கிழமை தேடிப் போன செந்தில்வேல் முழுக்க நனைந்து திரும்பினான்.

"பாலத்துக்கு அங்கிட்டு ரோடே இல்ல உமா."

செவ்வாய்க்கிழமை, போனில் சார்ஜ் ஏற்றவாவது முடியுமே என்று அவள் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீசுக்குப் போனாள். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. கூட வேலை பார்க்கும் பெனிஸ்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, முகநூல்ல ஒரு குரூப் இருக்கு. ஆள் போட்டோ, தெரு பேரு போட்டா, படகு கொண்டு போறவங்க பாக்காங்க. நீங்களே போடுங்க. திருப்பிக் கேட்டா வழி சொல்ல உங்களுக்குத்தான தெரியும்."

"எனக்கு அது வேண்டாம்னுதான் விட்டேன் பெனிஸ்டன்."

"தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னான்.

பழைய கடவுச்சொல் நினைவிருந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான் போனில் இருந்தது. பொங்கலன்று அம்மா அவளையும் பிடித்து இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றது. தன்னை வெட்டிவிடப் பார்த்தாள். தன்னை வெட்டினால் அம்மாவின் முகமும் பாதி போனது. தெரு பெயரையும் தன் போன் எண்ணையும் சேர்த்து அப்படியே போட்டாள்.

போன் கிணுகிணுக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். 'பகிர்ந்தாச்சு' என்று வந்தது. 'கயத்தாறுல இருந்து பால் வண்டி கெளம்புது, எதுவும் கொண்டு போகணுமா?' என்று வந்தது. அன்று சிரித்தவர்களில் ஒருத்தி, ஒன்றும் எழுதாமல் அந்தப் பதிவைத் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். உமாராணியின் முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் பெவின். பெரியதாழையில இருந்து படகு கொண்டு வந்திருக்கோம். போட்டோவுல உள்ள அம்மா இங்கன பள்ளிக்கூட மாடியில இருக்காங்க. பேசுதியளா?"

"குடுங்க" என்றாள். மறுமுனையில் போன் கைமாறியது.

"ஏளா உமா."

"அம்மா. அப்பா எங்க?"

"இந்தா, பக்கத்துலதான் இருக்காவ. கொடிக்கால் போச்சேன்னு பேசாம உக்காந்திருக்காவ. நீ சாப்பிட்டியா?"

உமாராணி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பெனிஸ்டன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

சனிக்கிழமை பெற்றவர்கள் இருவரும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம், 'கிடைத்துவிட்டார்கள், எல்லாருக்கும் நன்றி' என்று எழுதப் பக்கத்தைத் திறந்தபோது, போட்டோவின் கீழே ஒருவன் அவள் முகத்தைக் கேலி செய்திருந்தான். விரல் ஒரு நிமிஷம் நின்றது. அதை அழித்து, அவனையும் தடுத்து வைத்தாள்.

அதே குரூப்பில் அடுத்து சந்தனச்செல்வி என்ற ஒருத்தி, இன்னும் போன் எடுக்காத தன் அக்காவைத் தேடி எழுதியிருந்தாள். உமாராணி அவளுக்கு பெவினின் எண்ணை அனுப்பி, 'எந்தத் தெரு, சொல்லுங்க' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.