ஜோடிச் சீட்டு

மேசை விரிப்புக்கு அடியில் இருந்த இரண்டாவது பிஸ்கட் டின்னை அவள் கால் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. மேசைமேல் இருந்த டின்னில், குடியிருப்பின் இரட்டையர் கேரம் போட்டிக்குப் பெயர் கொடுத்த இளையவர்களின் சீட்டுகள். மூத்தவர்கள் வந்து ஆளுக்கொன்று எடுத்துத் தங்கள் ஜோடியைத் தெரிந்துகொள்வார்கள். கீழே இருந்த டின்னிலும் அதே நிறக் காகிதங்கள்தான். ஆனால் அத்தனையிலும் ஒரே ஆள்: மருந்துக்கடைக்காரர். அவள் கணவன். அவனுடைய சீட்டை மேல் டின்னில் அவள் போடவே இல்லை.

போட்டியைத் தொடங்கியவளும் அவள்தான், நடுவரும் அவள்தான். போன முறை இறுதியாட்டத்தில் அவள் கண்ணுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. கணவனும் அவனுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்கும் ஜோடியாக ஆடி, சிவப்புக் காயையும் போட்டுவிட்டுக் கடைசிக் காய்க்கு வந்திருந்தார்கள். தம்பி அடித்தான், காய் விழுந்தது, கூடம் கைதட்டியது. "கை அம்புக்கோட்டைத் தாண்டிடுச்சு. ஃபவுல்" என்றார் அண்ணன், தன் ஜோடியையே பார்த்து. கோப்பை, எதிர்த்து ஆடிய பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அண்ணன் தம்பியின் எதிரெதிர் வீடுகளில் ஒரு கதவு திறந்தால், அது மூடும்வரை மற்றது காத்திருந்தது.

பேசிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். இருவரும் மசியவில்லை, போட்டிக்கு மட்டும் தவறாமல் பெயர் கொடுத்திருந்தார்கள். இரட்டையரில் ஜோடிகள் ஆட்டத்தின் நடுவே பேசக் கூடாது என்பது விதி. பேசுவதில்லை என்று வீம்பு பிடித்தவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் எது என்று அவளுக்குத் தோன்றிய கணத்தில், இரண்டாவது டின் முடிவாகிவிட்டது. பிடிபட்டால் இனி அவள் நடத்தும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். தெரிந்தேதான் துணிந்தாள்.

"அடுத்து லிஃப்ட்காரர்!" என்று அழைத்தாள்.

பேனாவைத் தவறவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மேசைமேல் வேறு டின்.

"என்ன லிஃப்ட் அண்ணே, மேல போறீங்களா கீழ போறீங்களா?" என்றார் பஸ் டிரைவர்.

"நடுவுல மாட்டிக்கிட்டா நீ வந்து தூக்கு."

அவருடைய தடித்த விரல்களில் இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"ரெண்டு வந்துருச்சேம்மா."

"ஒண்ணை உள்ள போட்டுடுங்க மாமா."

சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. எதையும் சரிபார்க்காமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர், இரண்டையும் பிரித்தார். படித்தார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நிறுத்துவதானால் இப்போதே நிறுத்துங்கள் என்ற நிமிர்வுதான் இருந்தது.

"யாருண்ணே ஜோடி? வாயைத் தொறங்க" என்றது கூட்டம்.

டின்னின் மூடியை அவரே அழுத்தி மூடினார். "மருந்துக்கடை."

கூடத்தில் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இது ஃபவுல்மா. ஆட்டம் முடியட்டும், எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க மாமா. மொதல்ல உக்காந்து ஆடுங்க."

ஜன்னலோரம் நின்ற கணவன் கையைக் கட்டிக்கொண்டான். "எனக்கு வேற ஜோடி குடு."

"சீட்டுல வந்ததுதான் ஜோடி. ஆடலேன்னா வெளிய போகலாம்."

"போட்டியை விட்டா, வீட்டை விட்டா? தெளிவா சொல்லிடு தங்கச்சி" என்றார் பஸ் டிரைவர். கூடமே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

டின்னை மாற்றி மீதிச் சீட்டெடுப்பை அவள் நடத்தி முடித்தபோதும் அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. முதல் ஆட்டம் என்று அறிவித்தாள். பஸ் டிரைவரும் அவருடைய ஜோடியும் வந்து அமர்ந்தார்கள். லிஃப்ட்காரர் அமர்ந்து, எதிரே கிடந்த காலி ஸ்டூலைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. பெயரை மட்டும் இரண்டாம் முறையாக, நடுவரின் அதே குரலில் அழைத்தாள். மூன்றாம் முறைக்கு வாயெடுக்கும்போது ஸ்டூல் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

தொங்கும் விளக்கை அவள் தாழ இறக்கினாள். முகங்கள் இருளுக்குள் போயின. வெளிச்சத்தில் பலகையும் கைகளும் மட்டுமே மிஞ்சின. யாரும் யாரிடமும் பேசவில்லை. பலகையின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலிருந்து, ஒரே மாதிரி அகன்ற இரண்டு உள்ளங்கைகள் பவுடரைத் தேய்த்தபடி மெல்ல நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன.