பதினொரு பாராட்டுகள்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் பெண்கள் இருநூறு பேர். அவர்களுக்குக் கழிப்பறை நான்கு. தாழ்ப்பாள் ஒன்றுகூட இல்லை. ஒருத்தி உள்ளே சென்றால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் நாலு தாழ்ப்பாளுக்கு நாதியில்லை!

தையல்காரி மோகனா மனுப் போட்டாள். ஒன்றல்ல, பதினொன்று. நிர்வாகத்தின் புதிய செயலியில், பள்ளியில் கற்ற முறைப்படி, 'ஐயா' என்று தொடங்கி 'நன்றி' என்று முடித்து அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆண்டு விழா மேடைக்கு அழைப்புத்தான் வந்தது.

"இந்த வருஷம் ஒரு புகார்கூட கெடையாது!" என்று முழங்கினார் மேலாளர் சீனிவாசன். "எல்லாமே பாராட்டு! அதுல ஜாஸ்தி அனுப்பினது நம்ம மோகனா. பதினொண்ணு!"

பொன்னாடை தோளில் விழுந்தது. மோகனா திகைத்தாள். "நான் இன்னா சார் பாராட்டினேன்?"

கணினிப் பிரிவு ஹேமந்த் பெருமையோடு விளக்கினான். "ஆயிரம் மெசேஜ யாரு படிக்கிறது அக்கா? கம்ப்யூட்டரே பிரிக்கிற மாதிரி ஒரு பேட்டர்ன் எழுதிட்டேன். 'நன்றி' எங்க இருந்தாலும் பாராட்டு. இல்லன்னா புகார்."

"நடுவுல இன்னா எழுதிருக்குன்னு பாக்காதா?"

"பாக்கச் சொல்லலியேக்கா."

வாலை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, சீறிய காளையைப் பசு என்று பதிந்திருந்தது அந்த விதி!

மோகனா மேலாளர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். "என் பாராட்டப் படிக்கிறேன், கேளுங்க. 'ஐயா, சென்ற செவ்வாய்க்கிழமை என் கதவைப் பிடித்திருந்த ஷர்மிளாவை மேற்பார்வையாளர் அழைத்துக்கொண்டார். கதவு திறந்துகொண்டது. உள்ளே நான் இருந்தேன். நன்றி.'"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிற்று.

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா," என்றார் மேலாளர்.

"தாழ்ப்பாள் வராம ஒருத்தியும் மிஷின்ல உக்கார மாட்டோம் சார்."

ஷர்மிளா எழுந்தாள். அவள் பின்னால் இருநூறு நாற்காலிகள் நகர்ந்தன.

கழுத்து மாலையைக் கழற்றவும் நேரமின்றிக் கடைத்தெருவுக்கு வண்டியை விரட்டினார் சீனிவாசன்.

"எத்தன இஞ்சு சார்?" என்றார் இரும்புக்கடை ஆபித் பாஷா.

மேலாளருக்கு எப்படித் தெரியும்? "எது பெருசோ அதக் குடு பாய்!"

மாலைக்குள் நான்கு கதவுகளிலும் கோட்டை வாசலுக்கே போதுமான இரும்பு ஏறியது. மோகனா முதலில் நுழைந்து தாழிட்டாள். வெளியே ஷர்மிளா, பழக்கம் விடாமல், கைப்பிடியை இறுகப் பற்றி நின்றாள்.

உள்ளிருந்து குரல் வந்தது: "வுடுடீ! போய் டீ குடி!"