ஒயர் எட்டிய தூரம்

ஆபீசில் அவனுக்கு அளவுகோல் என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டேப் இருக்கும். கட்டடங்கள் மின்சாரத்தைக் குடிக்காமல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் போட்ட விதிகளை வரி விடாமல் ஒப்பிப்பான். மொட்டை மாடித் தளத்துக்கும் மேலே பதிக்கிற ஓட்டுக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்கு வெப்பத்தடுப்பு அட்டை வேண்டும். ஜன்னல் இடுக்கில் காற்று கசியக் கூடாது. எல்லாம் சரி என்றால் அவன் கையெழுத்துப் போடுவான், கட்டடத்தின் வாசலில் பச்சை இலை போட்ட தகடு ஏறும். கட்டுகிறவர்கள் வாங்கித் தரும் டீயைக் கூடத் தொடமாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கா இப்படி வந்து விடிய வேண்டும்!

அவனுடைய அக்கா உச்சி மாடியில் வீடு வாங்கியதே அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான். "என் தம்பி பாத்த கட்டடம். அதுக்கு மேல என்ன வேணும்?" என்று அத்தானை அரித்தெடுத்து வாங்க வைத்தாள். குடிபோன முதல் வெயில் காலத்திலேயே வீடு அடுப்பாகிவிட்டது. அக்கா போன் போட்டுப் புலம்பினால் இவன் அவளையே கடிந்துகொள்வான். "ஜன்னலைத் திறந்து போட்டிருப்ப. அது மூடியே இருக்கணும்கா. விதியே அதான்." அவளும் மூடி வைத்தாள். இரண்டாவது வெயில் காலத்தில் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைசி அறையில் ஒரே கட்டில், ஒரே கூரை. அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பெரிய ஏசி போடலாம் என்றால் ஒயரிங் தாங்கவில்லை. இது பசுமைக் கட்டடம், சின்ன ஏசியே போதும் என்று கணக்குப் போட்டு மெல்லிசு ஒயராக இழுத்திருந்தார்கள். அடுத்த வெயிலை இவர் இந்த அறையில் தாண்டமாட்டார், கீழே எங்காவது குளிர்ந்த வீடாகப் பாருங்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்த வீட்டை விற்றால்தான் இன்னொரு வீடு. வேறு வழி கிடையாது.

"நாலு மணிக்கு ஒரு பொண்ணு வீடு பாக்க வருது. நீ கூட இருடா, தைரியமா இருக்கும்," என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். அவன் பதினோரு மணிக்கே வந்துவிட்டான். எங்காவது நாலைந்து அட்டை விலகியிருக்கும், இடத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிடலாம் என்று நினைப்பு. துளை போடுகிற மெஷினோடு, தெரிந்த கடையில் இரவல் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கையில்.

இந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சோதனை என்றால் கூரையில் ஒரு துளை போட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஆபீஸ் மெஷினுக்கு ஒயர் எட்டடி. மொட்டை மாடியில் பிளக் இருக்கும் ஒரே இடம் படிக்கட்டு அறை. நீள ஒயர் கேட்டு எழுதிய காகிதம் ஏழு வருஷமாக மேசை மேசையாகக் குடித்தனம் பண்ணுகிறது. ஆக, எந்தக் கட்டடமானாலும் துளை படிக்கட்டுக் கதவிலிருந்து எட்டடிக்குள்தான். அவனும் அங்கேதான் போட்டான், மற்றவர்களும் அங்கேதான் போட்டார்கள். அதில் ஒரு தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று முதன்முறையாக ஒயரை மாடியின் கோடி வரைக்கும் இழுத்தான். அத்தான் படுத்திருந்த அறைக்கு நேர் மேலே மெஷினை வைத்து அழுத்தினான். ஓடு, மணல், அப்புறம் கான்கிரீட். அட்டை இல்லை. நாலடி தள்ளிப் போட்டான். இல்லை. இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, வெயில் முதுகில் காய, படிக்கட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தான். பத்தாவது துளையில் மஞ்சள் அட்டைத் தூள் வந்தது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கதவிலிருந்து அளந்தான். ஒன்பதடி. மவராசன்கள், ஒரு அடி தாராளமாகவே விட்டிருந்தார்கள்!

அந்தக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரிக்குப் போன் போட்டான். மேஸ்திரி மறைக்கவே இல்லை.

"என்ன சார் புதுசா கேக்கறீங்க? உங்க ஆளுங்க எப்பவும் கதவுகிட்டதான ஓட்டை போடுவீங்க? அங்க மட்டும் அட்டை போட்டா போதும்னு கம்பெனில சொன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னுல்ல நெனச்சோம்!"

"எல்லாக் கட்டடத்துலயும் இப்படித்தானா?"

"நான் கட்டுனதுல அப்படித்தான் சார்."

பதினாறு வருஷ சர்வீஸ். எத்தனை மாடிகள், எத்தனை எட்டடிகள். அவனுக்கு எண்ணத் தெம்பில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சான்றிதழை ரத்து பண்ணலாம்பா, தாராளமா பண்ணலாம்," என்றார். "தகடு போயிடும். அறுபது வீடும் விலை போகாது. கட்டினவன் அந்தக் கம்பெனியை மூடிட்டு வேற பேர்ல நடத்தறான், அவன் வந்து அட்டை போடப் போறதில்ல. முதல்ல மாட்டிக்கறது உன் கையெழுத்து, அடுத்தது உங்க அக்கா வீடு. யோசிச்சுச் சொல்லு." யோசிக்க அதில் என்ன இருக்கிறது? போனை வைத்துவிட்டான்.

திரும்பினால் அக்கா. சத்தம் கேட்டு மேலே வந்திருக்கிறாள். வரிசையாகத் துளைகளைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கியில்லை.

"ரெண்டு வருஷமா ஜன்னலை மூடு மூடுன்னு என்னைத் திட்டுனியேடா," என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைத்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு வந்தா சொல்லிடலாம்கா. என்னால..."

"சொல்லு. சொல்லிட்டு உங்க அத்தானை நீயே தோள்ல தூக்கிட்டுப் போய் எங்கயாவது வை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மணிக்குள்ள இதையெல்லாம் அடைச்சிரு."

அவன் சிமென்ட் குழைத்தான். ஒவ்வொரு துளையாக முட்டி போட்டு அடைத்தான். அழுகை வந்தது, அழுதுகொண்டே அடைத்தான்.

வந்தவள் தையற்காரி. இடுப்பில் பத்து மாதக் குழந்தை. பத்து வருஷம் மெஷின் மிதித்துச் சேர்த்ததை எல்லாம் இந்த வீட்டில் போடப் போகிறாள் என்று அவளே வெள்ளந்தியாகச் சொன்னாள். வெயில் காலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, வீடு சில்லென்றுதான் இருந்தது. அக்கா விடிந்ததிலிருந்து ஏசியை ஓடவிட்டு, ஃபியூஸ் போகாமலிருக்க ஃபிரிட்ஜைக்கூட அணைத்து வைத்திருந்தாள். கட்டடத்தைச் சோதித்தது தம்பிதான் என்று அக்கா சொல்ல, தையற்காரி சான்றிதழை இருபக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்து நீங்களா சார்?"

"ஆமா."

"அப்ப எனக்குப் பயமில்ல," என்று சிரித்தாள். மாடிக்கும் வந்தாள். இன்னும் காயாத சிமென்ட் வட்டங்களைப் பார்த்து, "இதென்ன சார்?" என்றாள்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோதனை பண்ணேம்மா. எல்லா இடத்துலயும் போட்டுப் பாத்தாச்சு," என்றான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கீழே வந்தார்கள். கடைசி அறையில் அத்தான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும் அவருக்கு. வாய்தான் வராது. தையற்காரி அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவனுக்கு வேர்வைன்னாலே ஆகாது சார், உடம்பெல்லாம் கொப்புளம் வந்துரும். அதுக்குத்தான் இந்த மாதிரி வீடா தேடினேன். தொட்டிலை இங்கயே, இதுக்குக் கீழயே போடலாம்ல?"

"போடலாம்மா," என்றான் அளவுகோல்.