வாளி நிரம்பும் நேரம்

அப்பாவின் விறைத்த கையை அவள் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. உயிர் போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஊருக்கு மேலே, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சிறிய மண் அணைக்கு அப்பாதான் காவலாளி. வந்தது அணைப் பொறியாளர்.

"நல்ல மனுஷன்மா," என்றார். கண் அலமாரியில் இருந்தது. "அளவு நோட்டு இங்கதானே இருக்கு?"

சித்தப்பா அவளை அடுப்படிக்குள் இழுத்தார். "குடுத்துடாதே. பதினெட்டு நாளா மழை. அணையில ஏதோ கோளாறு, பழியை அண்ணன் தலையில கட்டப் பார்க்கறான். பொணமா வந்து பதில் சொல்லப்போகுது?"

அவளுக்கும் அதே சந்தேகம். நோட்டை எடுத்துவந்து புரட்டினாள்.

கரையடிக் குழாயில் கசியும் தண்ணீர் ஒரு வாளியை நிரப்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அப்பா தினமும் பார்த்து எழுத வேண்டும். விநாடி குறைந்தால் கசிவு கூடுகிறது. நோட்டில் மழை தொடங்கிய அன்று நாற்பத்தொன்று. மறுநாளும் நாற்பத்தொன்று. அத்தனை மழைக்கும் ஒரு விநாடி மாறவில்லை.

போன செவ்வாயும் புதனும் அப்பா முழங்கால் வீங்கி, அலுவலகத்துக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலருகே இருந்தவள் அவள். அந்த இரண்டு நாளுக்கும் நாற்பத்தொன்று.

கூடத்தில் கீழ்த்தெருக்காரி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "நீ இருக்கேன்னுதானே நாங்க நிம்மதியாத் தூங்கினோம்!"

மகள் கூடத்துக்கு வந்து பொறியாளரிடம் நோட்டை நீட்டினாள். சித்தப்பா பல்லைக் கடித்தார்.

பொறியாளரின் முகம் தெளிந்தது. "அப்பாடா. காலையிலேர்ந்து குழாய்க்கு இறங்கற படி முழுகிக் கெடக்கு, இறங்கிப் பார்க்க முடியல. கீழ்த்தெருவைக் காலி பண்ணச் சொல்லணுமோன்னு பயந்துட்டேன். நேத்துகூட நாற்பத்தொண்ணு. உங்கப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும்." ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"சார்."

அழுகை நின்றது.

"அதை நம்பாதீங்க. அப்பா கீழ இறங்கவே இல்ல. இங்க உக்காந்துதான் எழுதியிருக்கார்."

"வாயை மூடுடி! பெத்த அப்பனையே…"

"உங்க வீடும் அங்கதான் இருக்கு சித்தப்பா. சித்தியைக் கூட்டிட்டு மேல வாங்க."

பொறியாளர் போனைக் காதில் வைத்தபடி ஓடினார். சித்தப்பா செருப்புகூடப் போடவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். அழுதவள் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் சாய்த்திருந்த தன் குடையை, குனிந்த தலை நிமிராமல் எடுத்துக்கொண்டு போனாள்.