தாலாட்டு வேண்டாத வண்டி

பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சாமியார், அந்த மஞ்சள் வண்டிக்கு இன்ஜின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ஒரு கணம் தடுமாறி, எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றி வந்து நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். அந்தக் கோயில் வாசலுக்கு இதுவரை மந்திரிக்க வந்தவையெல்லாம் டிராக்டர், அறுவடை மெஷின், லோடு ஆட்டோ, மிஞ்சிப்போனால் மாமனார் வாங்கிக்கொடுத்த வெள்ளைக் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கன்றுக்குட்டி உயரம்கூட இல்லாத, ஸ்டார்ட் செய்தால் கூரையிலிருக்கிற புறாக்கள் அத்தனையும் எழுந்து பறக்கிற வண்டி இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது. டேவிட்சன் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். பக்திதான், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கண் மட்டும் தீர்த்தம் பெயிண்டில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் கடைசியில் ஆஷ்லின் நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தக் கோயிலுக்குள் கால் வைத்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு, உடனே டேவிட்சனைப் பார்த்துவிட்டு, அப்புறம் பக்கத்திலிருப்பவர்கள் காதைத் தேடினார்கள். தேடட்டும் என்றுதான் அவள் வந்ததே.

இதே கோயிலில்தான் அவளுக்கும் டேவிட்சனுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு அவள் அப்பா வேதநாயகம் சலவை வேட்டியும் புதுச் சட்டையுமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாமியார் மற்ற ஜோடிகளின் பெயர்களை வாசித்து முடித்துவிட்டு எழுந்து நின்று செபிக்கச் சொன்னார். அப்பா எழுந்திருக்கவில்லை. ஏதோ விட்டுப்போய்விட்டது, இப்போது வாசிப்பார் என்று உட்கார்ந்தே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முந்தின நாளே வந்து நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டுக்குச் சொல்லிவிட்டதாகச் சாமியாரிடம் சொல்லியிருந்தார்கள். சொல்லவில்லை.

காரணம் தஞ்சாவூரில் டைல்ஸ் கடையும் இரண்டு மண்டபமும் வைத்திருந்த வேறொரு வீடு. ஆனால் டேவிட்சன் ஊரில் சொன்ன காரணம் வேறு. "ஆம்பளைங்களோட சேந்து டிராக்குல கார் ஓட்டுற பொண்ணுங்க அது. ஆக்சிலேட்டர் மிதிக்கத்தான் தெரியும். பிரேக்கு கெடையாது." நன்றாகச் சிரிக்கக்கூடிய வாக்கியம். ஊர் அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சிரித்தது. அன்றிலிருந்து வேதநாயகம் சொந்தக் கோயிலை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் மொபெட்டில் நீடாமங்கலம் போய்ப் பூசை பார்க்கிறார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆஷ்லினுக்கு அது ஆறவே இல்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே பிரேக்குதான். சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியின் சோதனைத் தடத்தில், தண்ணீர் விட்டு வழுக்கலாக்கிய தரையில், சறுக்குகிற வண்டியை எந்தச் சக்கரத்தைப் பிடித்து எவ்வளவு நேரம் அடக்கினால் நேராகும் என்று வண்டிக்கே பழக்கிவிடுவதுதான் அவள் சம்பாத்தியம். ஓட்டுகிறவனுக்குத் தான் தப்பு செய்தோம் என்று தெரிவதற்குள் வண்டி அதைச் சரி செய்துவிட வேண்டும். தெரியாமலே போனால் இன்னும் நல்லது. உலகத்தில் எத்தனையோ பேர் இவளால் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்துவிட்டு, தாங்கள் கெட்டிக்கார டிரைவர்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை, இன்றைக்கு வரை.

காலையில் அவள் ஸ்கூட்டி எடுத்தபோது வேதநாயகம் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க எதுக்கு பாப்பா?"

"பூசை பாக்கத்தாம்ப்பா."

"பூசை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"அதத்தாம்ப்பா நானும் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டாள். அப்போது மனசில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. பங்கின் வாட்ஸப் குழுவில் மந்திரிப்பு அறிவிப்பும் வண்டிப் படமும் வந்திருந்தன. அவன் முகத்துக்கு நேராக ஒரு தடவை நிற்க வேண்டும், அவ்வளவுதான். திட்டம் வந்தது வழியில். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ரோடு இடப்பக்கம் ஒடிந்து திரும்பும். அந்த வளைவு நெடுகக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகமென்று திருப்பி அனுப்பினால் வேறு எங்கே கொண்டு போவது, ரோடுதான் களம். அவள் ஸ்கூட்டி அதன் ஓரத்தில் ஏறி ஒரு முறை இடுப்பை ஆட்டியது. காலை ஊன்றி நிறுத்தினாள். வளைவின் வெளிப்பக்கம், ரோட்டுச் சரிவுக்குக் கீழே, தாளடி நடவுக்குச் சேறடித்துப் பரம்பு ஓட்டிச் சமமாக்கிய வயல். மரம் இல்லை, கல் இல்லை, மின்கம்பம் இல்லை. வானம் மட்டும் தெரிந்தது. அவளுடைய தடத்தில் இத்தனை சௌகரியமான இடத்தை அமைக்கப் பல மாசம் எடுத்துக்கொள்வார்கள்.

மந்திரிப்பு முடிந்து தேங்காய் மிட்டாயும் மிக்சரும் சுற்றி வந்தன. டேவிட்சன் வண்டிமேல் ஒரு கை வைத்துக்கொண்டு இளவட்டங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"இதுல எல்லாம் இருக்குடா. வழுக்குனா தானா புடிக்கிறது, வளைவுல தானா சக்கரத்த அடக்குறது, ரோட்டுக்குத் தக்கன ஸ்பிரிங்கு இறுகுறது. வாங்குன அன்னைக்கே அத்தனையும் ஆஃப் பண்ணிட்டேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு எதுக்குடா தாலாட்டு? குடும்பத்தோட வேளாங்கண்ணி போற வண்டிக்கு வச்சுக்க, வேணாங்கல. இதுல வச்சா அது குதிரைய வாங்கி அதுமேல ஒரு ஆளையும் ஒக்கார வச்சு, அந்த ஆளு மடில நாம ஒக்காந்த மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆஷ்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சிரிப்பு நின்றது.

"நல்லாருக்கீங்களா?" என்றாள்.

அவன் முகம் மாறி, உடனே பழையபடி ஆனது. "அடடே, ஆஷ்லின்! பாரு, இவங்களே வந்துட்டாங்க. இவங்க வேலையே இந்தத் தாலாட்டுப் பாடுறதுதான். நீங்களே சொல்லுங்க, ஸ்போர்ட்ஸ் காருக்கு இது தேவையா?"

"வண்டிக்குத் தேவையில்லைங்க. ஓட்டுறவங்களுக்குத்தான்." திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து உள்ளே பார்த்தாள். சாவி போட்டு டயல் எரிந்துகொண்டிருந்தது. "ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே, பண்ணலையே. பண்ணியிருந்தா இங்க ஆரஞ்சு விளக்கு எரியும்."

இளவட்டங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆரஞ்சு விளக்கு எரியவில்லை.

"அந்தப் பட்டன சும்மா தட்டுனா போகாதுங்க. ஒவ்வொரு தடவ சாவி போடும்போதும் விளக்கு எரியிற வரைக்கும் அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். திரும்ப வேணும்னா ஒரு தட்டுத் தட்டுனா போதும், உடனே வந்துரும்." மரியாதையாகத்தான் சொன்னாள், பேங்கில் வயதானவர்களுக்குச் சொல்லித்தருவதுபோல.

அவனுக்குக் காது சிவந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தான். ஆரஞ்சு விளக்கு வந்தது. "வளைவத் தாண்டி மதகு வரைக்கும் போய்ட்டு வரேன். நீங்களும் ஏறுங்க. பயமில்லன்னா."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சேற்றில் அவன் விழுவதைத்தான் நினைத்திருந்தாளே தவிர, கூட விழுவதை அல்ல. ஆனால் அத்தனை பேர் பார்க்கையில் எப்படி மறுப்பது? பரவாயில்லை, சேறுதானே, பெல்ட் இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்தாள். கோயில் வாசலைத் தாண்டியதும் அவன் மிதித்த மிதியில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாகன ஓசைக்கு இரண்டு பக்கமும் கொக்குகள் எழும்பின. ஓட்டுகிற கை நல்ல கைதான், நேர் ரோட்டில். வளைவு வந்தது. மஞ்சள் நெல் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவள் பார்த்தாள், வளைவின் வெளிப்பக்கம், நெல்லுக்கும் வயலுக்கும் நடுவில், ஒரு பெண் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் அங்கே இல்லை. டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். காயப்போட்ட நெல்லுக்குக் காவலுக்கு ஓர் ஆள் இருக்கும் என்பது இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? அத்தனையையும் கணக்குப் போட்டவள் அதை மறந்திருந்தாள்.

வண்டியின் பின்புறம் நெல்லில் ஏறி நழுவத் தொடங்கியது. ஆஷ்லினின் கட்டைவிரல் இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த பட்டனைத் தட்டியது. விளக்கு அணைந்தது. அதற்கப்புறம் நடந்தது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்: இன்ஜின் தானாக அடங்கியது, ஒரு சக்கரம் பிடித்தது, விட்டது, இன்னொன்று பிடித்தது. வண்டி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பு காற்றில் படபடக்கும்படி பக்கத்தில் உரசாமல் கடந்து, நேரானது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த டேவிட்சனின் நெற்றியில் வியர்வை. அவன் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. விளக்கு அணைந்ததை அவன் பார்க்கவே இல்லை.

"பாத்தீங்களா?" என்றான், மூச்சு வந்ததும். "பாத்தீங்களா!"

மதகில் திரும்பி, நெல் இல்லாத பக்கமாக நிதானமாக ஓட்டி வந்து கோயில் வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தபோது, கைதட்டல். சமவெளியாயிற்றே, வளைவில் வண்டி நெளிந்து நிமிர்ந்தது அத்தனையும் அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. யாரோ வீடியோகூட எடுத்திருந்தார்கள். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்டா! நெல்லுல ஏறிச்சு, ஒரு திருப்புத் திருப்பினேன், அவ்ளோதான். கம்ப்யூட்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று இறங்கியவன், அவள் பக்கம் திரும்பினான். "ஒங்க வேலைக்கு வேட்டுதான் போலருக்கே, ஆஷ்லின்." மறுபடியும் சிரிப்பு. அதே சிரிப்பு. அப்பாவை நீடாமங்கலத்துக்குத் துரத்திய சிரிப்பு.

நான்தான் தட்டினேன் என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். அவனைக் காப்பாற்றியது அவளுடைய இத்தனை வருஷ உழைப்பு. அதையும் அவன் தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டான்.

அதற்குள் அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். கனிமொழி என்று பெயர், ஒன்றரை மா நிலத்துக்குக் குத்தகைக்காரி. "கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு? ஆளு நிக்கிறது தெரியல? உசுரு போயிருக்கும்யா எனக்கு!" என்று வாசலிலேயே கத்தினாள்.

"ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுக் களமா?" என்றான் டேவிட்சன். "ஒண்ணும் ஆகலல்ல? போ, போய் நெல்லப் பாரு."

ஆஷ்லின் வளைவைப் பார்த்தாள். இப்போது அங்கே ஒருவரும் இல்லை. கிளறிவிட்ட நெல் வெயிலில் கிடந்தது.

"மொத தடவ ஏதோ தப்பிச்சிருக்கலாங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் பக்கத்துல ஒக்காந்திருந்ததால பயந்து மெதுவாத்தான் ஓட்டுனீங்க. தனியா ஒரு தடவ போய்ட்டு வாங்க, வேகமா. அப்பறம் நான் ஒத்துக்குறேன், இதெல்லாம் இந்த வண்டிக்கு வேண்டாம்னு."

"அண்ணே, போங்கண்ணே!" என்று இளவட்டங்கள் கத்தினார்கள். இன்ஜின் உறுமியது. அவன் பட்டனை அழுத்திப் பிடித்து, ஆரஞ்சு விளக்கை எல்லோருக்கும் காட்டினான்.

அப்போது மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஏறப்போனாள் அனிட்டா, அவன் மனைவி. பட்டுச்சேலை கட்டி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் மிக்சர் தட்டைச் சுமந்துகொண்டிருந்தவள். ஆஷ்லினுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. இருந்த காலமும் போய்விட்டது. சட்டென்று போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க வேணாங்க. இறங்கிக்குங்க."

அனிட்டா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். "ஏறுறதுன்னா ஏறு, இல்ல கதவச் சாத்து. மசமசன்னு நிக்காத" என்றான் திரும்பாமலே.

அனிட்டா காலைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக.

"பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள்.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. கனிமொழி, "ஐயோ மறுபடியும் போறானே, என் நெல்லு" என்று பதறி ஓடப்போனாள். ஆஷ்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் நில்லுங்கக்கா. நெல்லுக்கு நான் பொறுப்பு."

மூன்று பேரும் ரோட்டோரம் நின்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மஞ்சள் வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. சத்தம் மட்டும் சின்னதாகவில்லை. அனிட்டா தோளோடு தோள் ஒட்டி வந்து நின்று, வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அங்க என்ன இருக்கு?"

"சேறு."

"ஆழமா?"

"முழங்கால் அளவுதாங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது."

அனிட்டா கையிலிருந்த மிக்சர் தட்டை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

வண்டி வளைவுக்குத் திரும்பியது.