பஸ் ஸ்டாண்டுக் கண்ணாடி

எம்.ரெட்டியபட்டியில் நல்லமுத்துவின் பூச்சிமருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காலி பாட்டிலோடுதான் வருவார்கள். முழு டின் வாங்க வழியில்லாத விவசாயச் சம்சாரிகளுக்கு வேண்டிய அளவு மட்டும் ஊற்றிக் கொடுப்பது அங்கே வழக்கம். அது தப்பு என்று அவருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அந்தப் பாட்டிலில் பெயர் இருக்காது, அளவு இருக்காது. நல்லமுத்து சொல்வதுதான் எல்லாம்.

அந்த நல்லமுத்துவுக்குத்தான் கொஞ்ச காலமாக எழுத்து பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் நிழலாக இன்னொன்று நின்றது. இருட்டில் எதிரே வரும் லாரியின் விளக்கு கோடு கோடாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினார். எழுத்து பெரிதானது, நிழலும் கூடவே பெரிதானது.

அவர் மனைவி ஜெகதீஸ்வரி விடாப்பிடியாக அவரைத் திருச்சுழியில் நடந்த கண் முகாமுக்கு இழுத்துப் போனாள். அங்கே பரிசோதித்த சுகப்பிரியா என்கிற பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"இதுக்குப் பேரு ஆஸ்டிக்மாடிசம் சார். கருவிழி பந்து கணக்கா எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். ஒங்களுக்கு ஒரு பக்கம் வளைவு கூட, இன்னொரு பக்கம் கம்மி. உள்ள போற வெளிச்சம் ஒரே எடத்துல சேர மாட்டேங்குது. அதான் எழுத்து இழுத்துக்கிட்டுத் தெரியுது. வண்டியில விக்கிற கண்ணாடி இதுக்கு ஆகாது. சிலிண்டர் பவருன்னு இருக்கு, அத ஒங்க கண்ணோட கோணத்துக்குத் தக்கன செஞ்சு போடணும். போட்டா தெளிவாத் தெரியும்."

"கண்ணாடிதான் போட்டிருக்கேனேம்மா" என்றார் நல்லமுத்து. வெளியே வந்ததும் ஜெகதீஸ்வரியிடம், "ஒரு தடவ பவரு ஏத்துனா ஏறிக்கிட்டே போகும். நல்ல கண்ணையும் கெடுத்துருவாக" என்றார். அவருக்கு யார் புத்தி சொல்ல?

தை மாதத்தில் ஒருநாள் காலையிலேயே, கடைக்கு வாடிக்கையாக வரும் சம்சாரி மருதுபாண்டி காலி பாட்டிலை நீட்டினான். மானாவாரிப் பருத்தி, வருசத்துக்கு ஒரே வெள்ளாமை. பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விழுந்திருந்தது. "இத விட்டா எங்களுக்கு வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்ல மருந்தாக் குடுங்க."

ஒரே மாதிரி இரண்டு வெள்ளை டின்கள். நல்லமுத்து ஒன்றை முகத்தருகே வைத்துப் பார்த்தார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பழகின கைதானே என்று ஊற்றிக் கொடுத்தார். நாள் முழுக்க மருந்து வாடையிலேயே கிடக்கிற மூக்கும் எதையும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த ஜெகதீஸ்வரி, மேசை மேல் இருந்த டின்னைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். "காலையில இத யாருக்கு ஊத்துனீக?"

"மருதுபாண்டிக்கு. பருத்திக்கு."

"இது மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லிங்க."

பருத்திக்கு அது விஷம். நல்லமுத்து மருதுபாண்டிக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கரிசல் பாதையில் அவனுடைய பருத்திக் காட்டுக்கு விழுந்தடித்துப் போனார். போய்ச் சேர்ந்தபோது மருதுபாண்டி மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒரு மூலை விடாம அடிச்சுட்டேன் அண்ணாச்சி" என்று சிரித்தான்.

காடு பச்சைப்பசேலென்று காற்றில் ஆடியது. ஓர் இலைகூட இன்னும் வாடவில்லை, மருந்து வேலை காட்ட நாளாகும். பேசாமல் திரும்பிவிடலாம், பிறகு வெயில் மேல் பழி போடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அது மனசுக்கு ஒப்பவில்லை. உள்ளதைச் சொன்னார். மருதுபாண்டியின் சிரிப்பு நின்றது. கழுவின டேங்கை அப்படியே போட்டுவிட்டுச் செடிகளுக்குள் இறங்கிப் போனான். திட்டியிருந்தால்கூட நல்லமுத்து தாங்கியிருப்பார்.

மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய் முறையாகப் பரிசோதித்துக் கண்ணாடி செய்யக் கொடுத்தார். அது கைக்கு வந்து மாட்டியபோது தரை சாய்ந்த மாதிரி இருந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள், சரியானது. டின் எழுத்துகள் நிழலில்லாமல் தனித்தனியாக நின்றன. அந்தக் கண்ணாடியோடு நேரே மருதுபாண்டியின் காட்டுக்குப் போனார்.

எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கொழுந்துகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. புது இலைகள் வெண்டை இலை போல விரல் விரலாகக் கிழிந்திருந்தன. செடிக்கடியில் பூவும் பிஞ்சும் கருகி உதிர்ந்து கிடந்தன. பார்க்காதே என்றால்கூடக் கண் பார்த்தது.

வரப்பில் உட்கார்ந்திருந்த மருதுபாண்டி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கண்ணாடிய முன்னாடியே போட்டிருக்கலாம்ல அண்ணாச்சி. கண்ணு தெரியலைன்னா அது ஒங்களோட போயிரும்னு நெனச்சுட்டீக. ஒங்க கண்ண நம்பித்தான நாங்க இத்தன பேரு மருந்தடிக்கிறோம்."